ஊருக்கு ஃபைபர் வந்துவிட்டது, இணையம் ஏன் வரவில்லை?

தருமபுரி மாவட்டத்தில் 251 கிராம ஊராட்சிகள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 333. இவை ஒவ்வொன்றிலும் உள்ள ஊராட்சி அலுவலகத்துக்கோ சேவை மையத்துக்கோ கண்ணாடி இழைக் கேபிளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாரத்நெட் என்ற தேசியத் திட்டத்தில் இந்த இரு மாவட்டங்களின் பங்கு இதுதான். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள். 2011 அக்டோபரில் ‘தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க்’ என்ற பெயரில் ஒப்புதல் பெற்ற திட்டம் இது. 2015இல் பெயர் மாறியது. 1 லட்சம் ஊராட்சிகள் கொண்ட முதல் கட்டம் 2017 டிசம்பரில் முடிந்தது. இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டுப் பணியை மாநில அரசின் நிறுவனமான டான்ஃபிநெட் எடுத்துக்கொண்டது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இவ்வளவு ஆண்டு, இவ்வளவு பணம். ஆனாலும் பல ஊர்களில் கம்பத்தில் கறுப்புக் கேபிள் தொங்குகிறது, அலுவலகச் சுவரில் பெட்டி மாட்டியிருக்கிறது, வீட்டு வரி ரசீது போட ஊராட்சிச் செயலர் தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டைத்தான் நம்பியிருக்கிறார். ஏன் இப்படி என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இந்தக் கட்டுரை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம்: கேபிள் இழுப்பது கடினம்தான். இழுத்ததை ஆண்டுக்கணக்கில் அறுபடாமல், அறுந்தாலும் அன்றைக்கே ஒட்டி, ஓட வைப்பது அதைவிடப் பல மடங்கு கடினம். திட்டங்கள் நீண்ட காலம் முதல் வேலைக்குத்தான் கணக்குப் போட்டன.

இழைக்குள் என்ன போகிறது

கேபிளின் உள்ளே இருப்பது தலைமுடித் தடிமனில் ஒரு கண்ணாடி இழை. வெளிவிட்டம் 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் நடுவில் ஒளி போகும் பாதை சுமார் 9 மைக்ரான்தான். அதன் மேல் பூச்சு சேர்ந்தால் 250 மைக்ரான் வரும். இதில் போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. பெட்டியிலிருந்து ஒயரைக் கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

இப்படிப்பட்ட 12, 24 அல்லது 48 இழைகள் ஒரு கேபிளில் இருக்கும். பன்னிரண்டு பன்னிரண்டாக நிறம் பிரித்திருப்பார்கள்: நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர்நீலம். இந்த வரிசை உலகின் பல நாடுகளில் பழக்கத்தில் உள்ளது. அறுந்த கேபிளை இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒட்டும்போது சாம்பலையும் வெள்ளையையும் மாற்றி ஒட்டிவிட்டால், ஒரு ஊராட்சி எழுந்துவிடும், இன்னொன்று காரணம் தெரியாமல் செத்துக் கிடக்கும்.

ஒளிக்கும் ஒரு வரவு செலவு உண்டு

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தில் இருக்கும் ஓஎல்டி என்ற கருவியிலிருந்து ஊராட்சியில் இருக்கும் ஓஎன்டி பெட்டி வரை ஒளி போய்ச் சேர வேண்டும். வழியில் ஒவ்வொரு கிலோமீட்டரும், ஒவ்வொரு ஒட்டும், ஒவ்வொரு இணைப்பானும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். இந்த இழப்பை டெசிபெல்லில் அளக்கிறார்கள். ஓர் இழையின் ஒளியைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், பி பிளஸ் வகைக் கருவிகள் மொத்தம் 28 டெசிபெல் இழப்பு வரை தாங்கும். அதைத் தாண்டினால் இணைப்பு விட்டுவிட்டு வரும், பிறகு வரவே வராது.

ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து 18 கிலோமீட்டரில் ஒரு ஊராட்சி இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுவோம். 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் வீதம் 18 கிலோமீட்டருக்கு 6.3. கேபிள் 2 கிலோமீட்டர் டிரம்களாக வருவதால், இரு முனைகளையும் சேர்த்துச் சுமார் 10 ஒட்டுகள். ஒட்டுக்கு 0.1 என்றால் 1 டெசிபெல். இணைப்பான்கள் நான்கு, தலா 0.5, ஆக 2. ஒரே இழையின் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மட்டும் 10.5 தின்னும். கூட்டினால் 19.8. மிச்சம் 8.2. கேபிள் பழசாகும், வெயில் ஏறும், எங்காவது வளையும் என்று 3 டெசிபெல்லை ஒதுக்கி வைத்தால், கையில் நிற்பது சுமார் 5 டெசிபெல் மட்டும்.

இனி கேபிள் ஒரு இடத்தில் அறுகிறது. அறுந்த இரு முனைகளையும் இழுத்து நேராக ஒட்ட நீளம் போதாது. நடுவில் புதுத் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆக ஒரு அறுப்புக்கு இரண்டு ஒட்டுகள். சுத்தமாக ஒட்டினால் 0.2 டெசிபெல் போகும். தூசியிலும் காற்றிலும் அவசரமாக ஒட்டினால் ஒட்டுக்கு 0.5 வீதம் 1 டெசிபெல் போய்விடும். ஆக, மோசமாக ஒட்டிய ஐந்து அறுப்புகள் அந்த ஊராட்சியின் கையிருப்பைத் தீர்த்துவிடும். நல்ல வேலைக்காரர் ஒட்டியிருந்தால் இருபத்தைந்து அறுப்பு வரை தாங்கியிருக்கும். ‘போன வருஷம் நன்றாக வந்தது, இப்போது மழை பெய்தாலே போய்விடுகிறது’ என்று ஒரு ஊரில் சொல்கிறார்கள் என்றால், பெரும்பாலும் இந்தக் கையிருப்பு கரைந்துவிட்டது என்று பொருள்.

மண்ணுக்குள் புதைத்தால்

கேபிளைப் புதைப்பதே நல்ல முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், முறையாகப் புதைத்தால். வழக்கமான அளவு 1.65 மீட்டர் ஆழம். அடியில் 40 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 33 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட ஹெச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய். அதன் மேல் மண், நடுவில் எச்சரிக்கை நாடா, மறுபடி மண். வழியெங்கும் அடையாளக் கற்கள். குழாய் போட்ட பிறகுதான் கம்ப்ரசர் வைத்துக் காற்றழுத்தத்தில் கேபிளை உள்ளே செலுத்துவார்கள். குழாயை இணைக்கும் கப்ளர் ஒன்றில் காற்று கசிந்தாலும், குழாய் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தாலும் கேபிள் பாதியில் நின்றுவிடும். அதனால் மண்ணை மூடிச் சாலையைச் சரிசெய்வதற்கு முன்பே குழாயைக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையை விட்டுவிட்டு மூடிய இடங்களில் இரண்டாம் முறை தோண்டுகிறார்கள்.

கிருஷ்ணகிரியின் நிலம் இதற்கு ஒத்துழைக்காது. கிரானைட் குவாரிகளுக்குப் பேர்போன மாவட்டம் இது. பர்கூர், வேப்பனப்பள்ளி, சூளகிரிப் பக்கம் ஒரு முழம் செம்மண்ணுக்குக் கீழே பாறை தட்டும். முழுப் பாறையைவிட மோசமானது உருண்டைக்கல் கலந்த மண். ஜேசிபி வாளி ஒரு கல்லைப் பெயர்த்தால் பள்ளம் இரண்டு மடங்கு அகலமாகும். சாலையின் ஓரத்துக்கு அடியில் படுக்கையாகத் துளையிடும் இயந்திரம் கல்லில் மோதினால் திசை மாறி வேறெங்கோ வெளியே வரும். மண்ணில் ஒரு நாளில் முடியும் தூரத்தைப் பாறையில் முடிக்க வாரம் ஆகலாம். ஒப்பந்தத்தில் மீட்டர் கணக்கில்தான் பணம். அப்போது என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை: 1.65 மீட்டர் இருக்க வேண்டிய ஆழம் அரை மீட்டராகும். பாறையில் ஆழத்தைக் குறைக்க விதிகளே இடம் தருகின்றன. ஆனால் அங்கே இரும்புக் குழாயோ கான்கிரீட் உறையோ போட்டே ஆக வேண்டும். ஆழத்தைக் குறைத்துவிட்டு உறையையும் விட்டுவிட்ட இடத்தில்தான் அடுத்த ஆண்டு ஜேசிபி பல் மாட்டுகிறது.

அடுத்த ஆண்டு ஜேசிபி வரும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் இந்த இரு மாவட்டங்களிலும் சாலையோரமாகவே போகின்றன. ஜல் ஜீவன் திட்டத்தில் தெருத்தெருவாகக் குழாய் பதித்தார்கள். தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் சாலை நான்குவழியாக அகன்றது. தண்ணீர்க் குழாய் உடைந்தால் அவசரமாகத் தோண்டத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் வரைபடம் இல்லை. இதற்காகவே ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியை 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கியது. தோண்டுவதற்கு முன் அதில் பதிந்தால், அந்த இடத்தில் கேபிள், குழாய் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் கிராமத்துத் தெருவில் வாடகைக்கு ஓடும் ஜேசிபி ஓட்டுநர் வரை அது போய்ச் சேர வேண்டும், கேபிளின் சரியான வழித்தடமும் அதில் ஏறியிருக்க வேண்டும்.

கம்பத்தில் கட்டினால்

தமிழ்நாட்டில் இரண்டாம் கட்டப் பணியின் பெரும்பகுதி மின்வாரியக் கம்பங்களின் வழியாகத்தான். பாறையைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவின் நியாயம் புரியும். இதற்கு ஏடிஎஸ்எஸ் என்ற கேபிளைப் பயன்படுத்துகிறார்கள். உள்ளே உலோகமே கிடையாது. தன் எடையைத் தாங்க அராமிட் என்ற உறுதியான நூல் உண்டு. உலோகம் இல்லாததால் மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டலாம், மின்னல் அதன் வழியே ஓடாது.

கட்டும் வேலை பார்க்க எளிது. கேபிள் திரும்பும் கம்பத்திலும் முடியும் கம்பத்திலும் இழுத்துப் பிடிக்கும் கிளாம்ப், நேராகப் போகும் கம்பத்தில் தாங்கிப் பிடிக்கும் கிளாம்ப். ஒட்டு வரும் கம்பத்தில் ஜாயிண்ட் பெட்டியும், எதிர்காலத் தேவைக்காக 15, 20 மீட்டர் சுருளும். சுருளை விடாமல் கட்டினால் அடுத்த முறை ஒட்டுவதற்குக் கேபிளைக் கீழே இறக்கவே முடியாது. கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு 9 மைக்ரான் பாதையை நேர் வைத்து ஒட்ட யாராலும் முடியாது.

கம்பத்தில் ஏற லைன்மேன் மூலம் எல்.சி. வாங்க வேண்டும், அதாவது அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தி அனுமதி பெற வேண்டும். பகலில் மோட்டார் ஓடும் நேரத்தில் விவசாயிகள் விடமாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அதனால் வேலை மாதாந்திரப் பராமரிப்பு நாளுக்காகக் காத்திருக்கும்.

பிறகு வருவதுதான் நீண்ட கதை. கேபிள் தொய்ந்து சாலையைத் தாண்டும் இடத்தில் கரும்பு லாரி இழுத்துப் போகும். பாலக்கோட்டிலும் அரூர் பக்கத்துக் கோபாலபுரத்திலும் சர்க்கரை ஆலைகள் இருப்பதால் அரவைக் காலத்தில் சுமை உயரமாக ஏற்றிய வண்டிகள் கிராமச் சாலைகளில் ஓடும். வைக்கோல் வண்டிக்கும் இதே கதைதான். புளியமரக் கிளை காற்றில் ஒடிந்து விழும், தென்னை மட்டை விழும். அணில் கேபிளின் உறையைக் கொறித்துவிடும். அணில் கடித்தது கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஒன்றிரண்டு இழைகள் மட்டும் போயிருக்கும், மழைநீர் உள்ளே இறங்கிய பிறகுதான் மற்றவை போகும். மாந்தோப்புக்குள் போகும் மின்கம்ப வரிசையில் கேபிளைக் கட்டியிருந்தால், அறுந்தபோது தோப்புக்காரரைத் தேடிக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஆடி மாதக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் முன்பாக ஒருமுறை வழித்தடம் முழுக்க நடந்து, தொய்வை இறுக்கி, உரசும் கிளைகளை வெட்டினால் இந்தச் சேதங்களில் பெரும்பங்கு நடக்காது. அந்த நடைக்குத்தான் ஆளும் கூலியும் ஒதுக்கப்படுவதில்லை.

சாய்ந்த கம்பத்தை மாற்றும்போது மின்வாரிய ஊழியர் தன் கம்பிகளைப் புதுக் கம்பத்துக்கு மாற்றுவார். ஃபைபர் கேபிள் அவருடைய வேலை இல்லை. அது பழைய கம்பத்தோடு தரையில் கிடக்கும். இரு துறைகளுக்கும் சேர்த்து ஒரு நடைமுறை எழுதி வைக்காதவரை இது ஓயாது.

அனுமதி என்ற முட்டுக்கட்டை

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி நோக்கி ஒரு கேபிள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் உள்ளாட்சி, பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறை, கம்பத்துக்கு மின்வாரியம், காப்புக்காட்டுக்குள் வனத்துறை, ஓடைப் பாலத்துக்கு நீர்வளத் துறை. ரயில் பாதையைக் கடக்கும் வழித்தடமாக இருந்தால் ரயில்வேயும் சேரும். ஒவ்வொரு துறைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி வைப்புத்தொகை. இருபது கிலோமீட்டரில் பத்தொன்பதரை முடிந்து, நடுவில் அரைக் கிலோமீட்டர் வனப்பகுதிக்கு அனுமதி வராவிட்டால் அந்தப் பக்கத்து ஊராட்சிகள் எதற்கும் இணைப்பு வராது.

இதை எளிதாக்க 2016இல் வழியுரிமை விதிகள், அதாவது பிறர் இடத்தின் வழியாகக் கேபிள் கொண்டுபோக அனுமதி பெறும் விதிகள், வந்தன. 2022இல் அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கக் கதிசக்தி சஞ்சார் என்ற இணையதளம் வந்தது. தொலைத்தொடர்புச் சட்டம் 2023இன் கீழ் எழுதிய புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு, தளமும் ஒன்றே. காட்டில் மட்டும் நிலைமை வேறு. காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயங்கள் இந்த இரு மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றன. அங்கே வனத்துறை கவனமாக இருப்பது சரியே. அதனால் வழித்தடத்தை வரையும்போதே காட்டை ஒட்டிய பகுதிகளுக்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு, மற்ற இடங்களில் வேலையைத் தொடங்க வேண்டும். எளிதான இடத்தில் தொடங்கிக் கடினமானதைக் கடைசியில் வைப்பதுதான் வழக்கம். முன்னேற்ற அறிக்கையில் கிலோமீட்டர் வேகமாக ஏறுமே!

அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது

இணைப்பு போனதும் கட்டுப்பாட்டு மையத்தில் எச்சரிக்கை வரும். எங்கே அறுந்தது என்று அது சொல்லாது. அதற்கு ஓடிடிஆர் என்ற கருவி வேண்டும். இழையின் ஒரு முனையில் சிறு ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் மங்கிய ஒளியின் நேரத்தை அது அளக்கும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10 கிலோமீட்டரில் உள்ள முறிவிலிருந்து எதிரொளி வர சுமார் 100 மைக்ரோநொடி ஆகும். அதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும்.

திரையில் 7,420 மீட்டர் என்று வருகிறது. வண்டியின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே 7,420 மீட்டர் போய்த் தோண்டினால் அங்கே ஒன்றும் இருக்காது. கருவி அளந்தது இழையின் நீளத்தை, சாலையின் நீளத்தை அல்ல. வழியில் 20 மீட்டர் சுருள்கள் ஆறு இருந்தால் 120 மீட்டரைக் கழிக்க வேண்டும். மிச்சம் 7,300. கேபிளின் உள்ளே இழை சற்றுத் தளர்வாக, கேபிளைவிட நீளமாக இருக்கும். 1 சதவீதம் என்று எடுத்தால் இன்னும் 70 மீட்டர்ப் பக்கம் குறையும். ஆக உண்மையான இடம் சுமார் 7,230. வித்தியாசம் 190 மீட்டர். கம்பத்தில் போகும் கேபிள் என்றால் நடந்து பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். புதைத்த கேபிள் என்றால் பாறைக்குள் 190 மீட்டர் தேடுவது ஒரு நாள் வேலை. எந்த இடத்தில் எத்தனை மீட்டர் சுருள், எங்கே ஒட்டு, எந்தத் துண்டு எப்போது சேர்த்தது என்ற பதிவேடு இருந்தால் இது பத்து நிமிடக் கணக்கு. பழைய ஒப்பந்ததாரர் போய்ப் புதியவர் வரும்போது முதலில் தொலைவது இந்தப் பதிவேடுதான். கேபிளைவிட மதிப்புள்ள சொத்து இது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இடம் தெரிந்த பிறகு ஒட்டும் வேலை. உறையை உரித்து, இழைகளின் மேல் இருக்கும் ஜெல்லைத் துடைத்து, ஒவ்வோர் இழையிலும் பூச்சை நீக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கிளீவர் என்ற வெட்டுக்கருவியில் முனையைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். ஸ்ப்ளைசிங் மெஷின் இரு முனைகளையும் நேர் வைத்து மின்பொறியில் உருக்கி ஒட்டும். ஒட்டின் மேல் ஸ்லீவ் என்ற சிறு காப்புக் குழலைச் சூடாக்கிப் பொருத்தி, தட்டில் சுற்றி அடுக்கி, பெட்டியை நீர் புகாமல் மூட வேண்டும். ஸ்லீவை ஒட்டுவதற்கு முன்பே இழையில் கோத்துவிட வேண்டும். மறந்தால் ஒட்டியதை வெட்டி மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஓர் இழைக்கு 4 நிமிடம் என்றாலும், 24 இழைக் கேபிளுக்கு நடுத்துண்டின் இரு பக்கமும் சேர்த்து 48 ஒட்டு, அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். செம்மண் தூசி பறக்கும் சாலையோரத்தில் கூடாரமோ வேனோ இல்லாமல் இதைச் செய்தால் ஒட்டு தரமாக வராது.

ஜவளகிரி, தளி, அஞ்செட்டிப் பாதைகளில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். கேபிள் அதிகம் அறும் மாதங்களில் இருட்டிய பின் யாரும் அங்கே நின்று வேலை செய்ய முடியாது. மாலை 4 மணிக்கு அறுந்தால் மறுநாள் காலைதான். ஒட்டும் குழுவும் கருவியும் உதிரிக் கேபிளும் சேலத்திலோ சென்னையிலோ இருந்தால் அது மூன்று நாளாகும். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், அரூர் என்று வட்டத்துக்கு ஒரு குழு, ஒரு டிரம் கேபிள், ஓர் ஓடிடிஆர் இருந்தால் இந்தக் காத்திருப்பு பாதியாவது குறையும்.

நேர்கோடும் வளையமும்

பாரத்நெட்டின் முதல் கட்டத்தில் பெரும்பாலும் நேர்கோட்டு அமைப்பு. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஏற்கெனவே இருந்த பழைய கேபிளில் பாதி தூரம், அங்கிருந்து ஊராட்சி வரை புதுக் கேபிள். செலவு மிச்சம். ஆனால் நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள எல்லா ஊராட்சிகளும் இருளில். பழைய கேபிளில் ஏற்கெனவே பல ஒட்டுகள் இருந்ததால் மேலே சொன்ன ஒளிக் கணக்கும் தொடக்கத்திலேயே மெலிந்திருந்தது.

2023 திருத்தத்தில் வளைய அமைப்புக்கு மாறினார்கள். ஒன்றியத்திலிருந்து கிளம்பும் கேபிள் பல ஊராட்சிகளைத் தொட்டு வேறு வழியாக ஒன்றியத்துக்கே திரும்பும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாகத் தரவு திரும்பிவிடும், பயன்படுத்துபவருக்குத் தெரியவே தெரியாது. கட்டுமானத்தோடு 10 ஆண்டுப் பராமரிப்பையும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்த்ததும் இதே திருத்தம்தான். தாமதமாக வந்தாலும் சரியான முடிவு.

வளையத்திலும் ஒரு ஓட்டை உண்டு. போகும் கேபிளும் திரும்பும் கேபிளும் ஒரே கம்ப வரிசையில் கட்டியிருந்தால் வரைபடத்தில்தான் அது வளையம். ஒரே லாரி இரண்டையும் இழுத்துப் போகும். சித்தேரி மலைக்கோ வத்தல்மலைக்கோ இரண்டாவது பாதை அமைப்பது எளிதல்ல, மலைப்பாதை ஒன்றை நம்பியே கேபிளும் போகும். அங்கே இரண்டாவது வழியாக மலையுச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே ரேடியோ இணைப்பு வைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. வேகம் குறைவுதான். ரேஷன் கடைக்கும் சேவை மையத்துக்கும் போதும்.

கரண்ட் இல்லையென்றால் ஃபைபரும் இல்லை

ஊராட்சியில் உள்ள பெட்டி 10, 20 வாட் மின்சாரம்தான் எடுக்கும். ஆனால் அது இருபத்துநான்கு மணி நேரமும் வேண்டும். அலுவலகத்தைப் பூட்டும்போது பாதுகாப்புக்காக மெயினை அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். மெயின் அணைந்தால் யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும், பிறகு பெட்டி செத்துவிடும். கட்டுப்பாட்டு மையத்தில் இது ‘இணைப்பு துண்டிப்பு’ என்று பதிவாகும், குழு ஒன்று கிளம்பி 40 கிலோமீட்டர் வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போகும். தினமும் இப்படி முழுக்கக் காலியாகும் பேட்டரி அதன் ஆயுளுக்கு முன்பே போய்விடும். மாற்றுப் பேட்டரி வாங்கும் பணம் எந்தத் தலைப்பில் என்று யாருக்கும் தெரியாததால் அதன் பிறகு ஒவ்வொரு மின்வெட்டும் இணையவெட்டுதான்.

தீர்வு பெரிதல்ல. பெட்டிக்கு மெயினுக்கு முன்பிருந்து தனி லைன், தனி எம்சிபி, அதன் மேல் ‘அணைக்க வேண்டாம்’ என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்ற ஒருவர்.

ஊராட்சி வரை வந்தது, வீடு வரை?

ஊராட்சி என்பது ஒரு ஊர் அல்ல. சித்தேரி ஊராட்சியில் மலையெங்கும் சிதறிய குக்கிராமங்கள் உண்டு. கலசப்பாடி, அரசநத்தம் மக்கள் நல்ல சாலைக்கே பல ஆண்டு போராடியவர்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணைப்பு வந்தாலும் அவர்களுக்கு அது மலைக்கு அந்தப் பக்கம்தான். அறிக்கையில் அந்த ஊராட்சி ‘இணைக்கப்பட்டது’ என்று முடிந்துவிடும்.

60 வீடுள்ள குக்கிராமத்துக்கு 3 கிலோமீட்டர் கேபிள் இழுத்தால், மாதச் சந்தா கட்டப் போவது ஏழெட்டு வீடு. அந்த வருமானத்தில் ஒரு அறுப்பை ஒட்டும் செலவைக்கூட உள்ளூர் கேபிள் ஆபரேட்டரால் தாங்க முடியாது. திருத்திய திட்டத்தில் 1.5 கோடி கிராமப்புற வீட்டு இணைப்புகள் இலக்கு. அவற்றை ஊரிலேயே இருக்கும் சிறுதொழில் முனைவோர் மூலம், வருமானத்தில் பங்கு கொடுத்துச் செய்வது ஏற்பாடு. ஓசூர், பர்கூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் இது ஓடும். மலைக் குக்கிராமங்களுக்குப் பள்ளி, அங்கன்வாடி, துணைச் சுகாதார நிலையம் ஆகியவற்றின் இணைப்புக் கட்டணத்தை அரசே உறுதியாக, மாதந்தவறாமல் கட்டினால் மட்டுமே ஒருவர் அந்தக் கேபிளைப் பராமரிக்க முன்வருவார். மேட்டிலிருந்து நேர்பார்வை கிடைக்கும் இடத்துக்கு உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ போதும், கேபிளே வேண்டாம்.

பெட்டியின் விளக்குகளைப் படிப்பது

ஊராட்சியிலோ வீட்டிலோ இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டியில் ‘பவர்’ விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில்: சுவிட்ச், அடாப்டர், யுபிஎஸ் பாருங்கள். ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பில் மின்னினால் ஒளி வரவில்லை: முதலில் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள மஞ்சள் ஒயர் மடிந்திருக்கிறதா, பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 3 சென்டிமீட்டர் ஆரத்தைவிடச் சிறிய வளைவு அதற்கு ஆகாது. ‘பான்’ விளக்கு பச்சையில் நிலையாக எரிந்தும் இணையம் வரவில்லை என்றால் கேபிளில் குறை இல்லை, கோளாறு மேலே உள்ள கருவியிலோ கணக்கிலோ இருக்கலாம்.

புகார் கொடுக்கும்போது நான்கு செய்திகளைச் சேர்த்துச் சொன்னால் குழு சரியான கருவியோடு வரும்: எத்தனை மணிக்குப் போனது, எந்த விளக்கு எந்த நிறத்தில், பக்கத்து ஊராட்சியிலும் போயிருக்கிறதா, அன்று அந்த வழியில் எங்காவது தோண்டினார்களா அல்லது கம்பம் மாற்றினார்களா. கேபிள் தரையில் கிடப்பதைப் பார்த்தால் பக்கத்துக் கம்பத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளை எடுத்து மரத்தில் கட்டிவைக்க வேண்டாம், அறுபடாத இழைகளும் அந்த முடிச்சில் முறிந்துவிடும்.